மூன்று நாள் கைக்குட்டை

பெங்களூரில் இப்போது இளைப்பாறுவதும் ஒரு சரக்கு. மண் பிசைய ஒரு கடை, நாயைக் கொஞ்ச ஒரு கடை, இருட்டறையில் படுத்து வெண்கலக் கிண்ணத்தின் ரீங்காரம் கேட்க ஒரு கடை. வாங்குகிறவன் வாங்கிக்கொள்ளட்டும். நான் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன், எந்தச் சரக்கையும் ஏளனமாகப் பேச மாட்டேன். ஆனால் ஒரு சரக்கை இலவசமாகவும் கட்டாயமாகவும் தலையில் கட்டுகிறார்கள் என்றால் அது சொத்தைதான். பால்ராஜின் ஆபீஸில் அப்படித்தான் கட்டினார்கள்.

பால்ராஜ் கன்டோன்மென்ட் பக்கம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை காதில் மாட்டிய கருவி வழியாக ஊர் உலகமே அவனைத் திட்டும். அவன் பதில் எப்போதும் ஒன்றுதான்: "சாரி சார், புரியுது சார்." நான் சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவன். அறுபது புடவையைப் பிரிக்கவைத்துவிட்டு "கலர் சரியில்லை" என்று எழுந்து போகும் மகராசிகளைப் பார்த்து நாள் முழுதும் பல்லைக் காட்ட வேண்டும். தனக்கோடி அக்கா ஆஸ்பத்திரி ஆயா. தாஸ் கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிக்கிறவன். நால்வரும் கோலார் தங்கவயல்காரர்கள். தினமும் மாலை ஆறு இருபது ரயிலில் ஊர் திரும்புகிறோம்.

ரயிலில் சீட்டாடுகிறோம். நாலு பேர், இரண்டு ஜோடி. நானும் பால்ராஜும் ஒரு ஜோடி, அக்காவும் தாஸும் இன்னொரு ஜோடி. பணம் கிடையாது. தோற்ற ஜோடி பங்காருப்பேட்டையில் வடை வாங்கித்தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆட்டம் என்பது ஒரு சாக்கு. உண்மையான விஷயம் திட்டு. பகலெல்லாம் விழுங்கியதை அங்கேதான் துப்புவோம். தப்பாக ஒரு சீட்டு இறங்கினால் ஏழு தலைமுறைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பால்ராஜ் பைப்பனஹள்ளி தாண்டும்போது தொண்டையைத் திறப்பான். மாலூருக்குள் அவன் முகம் குளித்துவிட்டு வந்தவன் முகம் போல ஆகிவிடும். வீட்டுக்குப் போனதும் மனைவி பிரிசில்லாவிடம் பூனை மாதிரி பேசுவான். அந்த அம்மாவே ஒருமுறை எனக்குச் சொல்லியனுப்பினாள்: "ஆட்டத்தை மட்டும் விட்டுடாதீங்கண்ணே."

இந்த ஆட்டத்தில் ஓர் இடம் கிடைப்பது லேசல்ல. நான் வண்டி கிளம்பும் மெஜஸ்டிக்கிலேயே ஏறி, பால்ராஜின் இடத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து வைப்பேன். அவன் கன்டோன்மென்டில் ஏறுவான். கைக்குட்டைக்குச் சட்டம் உண்டு. தொடர்ந்து மூன்று மாலை ஆள் வராவிட்டால் கைக்குட்டை எடுக்கப்படும், காத்திருப்பவருக்கு இடம் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. நாங்களே போட்ட சட்டம்தான். எங்கள் நால்வரில் மூன்று பேர் அந்தச் சட்டத்தால் உள்ளே வந்தவர்கள்.

காத்திருப்பவர் பெயர் அப்பாதுரை. காக்ஸ் டவுனில் ஒரு பேங்குக்குக் காவல். பதினான்கு மாதமாக எங்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார். ஆள் வராத நாளில் உட்கார வைப்போம். நல்ல மனுஷர், அதுதான் அவரிடம் குறை. தப்பாக ஆடினால் "சாரி பார்ட்னர்" என்பார். நான் தப்பாக ஆடினால் "பரவால்ல பார்ட்னர்" என்பார். இந்த ஆளோடு இரண்டு மணி நேரம் உட்காருவது, சர்க்கரை போடாத பாயசம் குடிப்பது போல.

அந்தத் திங்கட்கிழமை பால்ராஜ் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அப்பாதுரை இரண்டு மாலையும் உட்கார்ந்தார். இரண்டு மாலையும் தோற்றோம், யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

காலையில் வேறு வண்டியில் போகிற பால்ராஜ் புதன்கிழமை எங்கள் ரயிலைத் தேடி வந்து என் பக்கத்தில் விழுந்தான். மணிக்கட்டில் கறுப்பாக ஒரு பட்டை.

"இன்னாடா இது, ஆஸ்பத்திரியா ஜெயிலா?" என்றேன்.

"இளைப்பாறுறேன் மொதலாளி" என்றான். நான் அடுத்தவன் கடையில் புடவை மடிப்பவன் என்பதால் இவர்கள் எனக்கு வைத்த பெயர் மொதலாளி. "ஆபீஸ்ல சுப்ரியான்னு ஒரு எச்.ஆர். மேடம். அஞ்சே முக்கால்லேர்ந்து ஆறே முக்கால் வரைக்கும் எல்லாரும் பாய்ல படுக்கணும். மெழுகுவத்தி ஏத்திட்டு, கடற்கரைல நிக்கிறா மாதிரி நெனச்சிக்கோங்கன்றாங்க."

"நெனச்சியா?"

"நான் கடலப் பாத்ததே ஒரே ஒரு தடவதான், அன்னிக்குச் செருப்பு காணாமப் போச்சு. அதான் நெனப்பு வருது. இந்தப் பட்டை நாடியெல்லாம் அளக்குமாம். பச்சை வந்தா நல்லாருக்கோம்னு அர்த்தம், செவப்பு வந்தா டென்ஷன். பச்சை வர்றவனுக்கு வாரம் ஒரு நாள்தான். செவப்பு வர்றவனுக்குத் தினமும்."

"உனக்கு?"

"ஆறு மணி அடிச்சா ரயில் நெனப்பு வந்துடுது. மெழுகுவத்திய வுட அதிகமா எரியுது. ஆபீஸ்லயே நான்தான் செவப்புல ஃபர்ஸ்ட்." பட்டையைத் திருகினான். "இன்னிக்கு மூணாவது நாள் மொதலாளி. கைக்குட்டை..."

எதிரில் தூங்குவது போலிருந்த தனக்கோடி அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "சட்டம் சட்டம்தான்டா. என் புருஷன் வந்தாலும் மூணு நாள்தான்."

எனக்கு வேண்டியது பால்ராஜின் நலம் என்று சொன்னால் என் தாயே நம்ப மாட்டாள். அப்பாதுரையோடு ஆயுள் முழுதும் பாயசம் குடிக்க நான் தயாராக இல்லை. யோசித்தேன்.

"அந்தம்மாகிட்ட வேணாம்னு சொன்னியா?"

"சொன்னேன். 'ரெசிஸ்ட் பண்ணாதீங்க பால்ராஜ் சார், ஸ்வல்ப லெட் கோ மாடி'ன்னு, கொஞ்சம் மனசத் தளர வுடச் சொல்லி கன்னடத்துல தோளத் தட்டினாங்க."

"வேணாம்னு சொல்ற ஆளத்தான்டா கடைக்காரன் வுடவே மாட்டான். கதவு வரைக்கும் பின்னாலயே வருவான். ஆனா ஒருத்தன் உக்காந்து, 'இவ்ளோதானா? இதுக்கு மேல நல்லதா எதுவும் இல்லியா?'ன்னு கேட்டா? கடைக்காரன் நடுங்கிடுவான். நீ போய் அப்பிடிச் சொல்லு. 'மேடம், உங்க கிளாஸ் எனக்குப் பத்தல. என் டென்ஷனெல்லாம் இங்க இல்ல, ரயில்ல இருக்குது. இன்னிக்கு ஒரு நாள் இந்தப் பட்டையோட ரயில்ல போறேன், நீங்களே அளந்து பாருங்க'ன்னு சொல்லு."

"நம்புவாங்களா?"

"அளக்குற மெஷினு கையில வெச்சிகினு இருக்குறவங்க அளக்காம இருப்பாங்களா?"

அன்று மாலை கைக்குட்டையை விரித்தேன். வண்டி கன்டோன்மென்டில் நின்றது. முதலில் ஏறியவர் அப்பாதுரை. புதிதாகச் சலவை செய்த சட்டை, நெற்றியில் சந்தனம். குடிபுகுகிறவர் போல வந்து நின்றார். கைக்குட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். விசில் அடித்தது. வண்டி நகர்ந்தது. தாஸ் கைக்குட்டையின் நுனியைப் பிடித்துத் தூக்கினான்.

"வை கீழ!" என்று வாசலிலிருந்து ஒரு கத்தல். பால்ராஜ். டிபன் டப்பா ஒரு கையில், செருப்பு ஒரு காலில். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கைக்குட்டையின் மேலேயே உட்கார்ந்தான்.

"மெஷின்ல அளந்து பாக்க ஒத்துக்கினாங்க" என்றான் மூச்சிரைக்க.

அப்பாதுரை புன்னகை செய்தார். "பரவால்ல" என்றார்.

சீட்டு இறக்க முழங்கால்களின் மேல் ஒரு ஃபிளெக்ஸ் துண்டை விரித்தோம். எவனுடைய பிறந்தநாளுக்கோ வைத்த பேனரிலிருந்து கிழித்தது, மீசை மட்டும் மிச்சம். பால்ராஜ் இரண்டு மாலைப் பட்டினி. இரண்டாவது கையிலேயே நான் துருப்பை வீணாக்கினேன்.

"யோவ் மொதலாளி! புடவைக் கடையில ஜாக்கெட் துணியக் கிழிக்கிறா மாதிரி துருப்பக் கிழிச்சிட்டியே! கண்ணு இருக்குதா, இல்ல கடைல அடகு வெச்சிட்டியா?"

"உன் மூஞ்சிக்குத் துருப்பு ஒரு கேடு! கைல ஏஸ வெச்சிகினு எதுக்குடா பொத்திகினு இருந்த, முட்டை போடுமா?"

"ரெண்டு பேரும் வாய மூடிகினு வடைக்குச் சில்லறை எடுங்கடா" என்றாள் அக்கா.

பட்டை சிவந்தது. விர்ரென்று அதிர்ந்தது. ஒரு சின்னக் குரல் ஆங்கிலத்தில் மூச்சை மெதுவாக விடும்படி வேண்டிக்கொண்டது. பால்ராஜ் அதன் மேல் டிபன் டப்பாவை வைத்து அழுத்திவிட்டு, ஏஸை ஓங்கி அடித்தான். மாலூருக்குள் அவன் முகம் குளித்துவிட்டு வந்திருந்தது.

மறுநாள் அவன் ரயிலுக்கு ஓடி வரவில்லை, நடந்தே வந்தான். சுப்ரியா மேடம் புதன்கிழமைக் கணக்கைப் பார்த்ததும் அரண்டுவிட்டாளாம். ஆறரையிலிருந்து எட்டே கால் வரை ஒரே சிவப்பு மலை. "பால்ராஜ் சார், இதை எப்படி இத்தனை வருஷம் தாங்கினீங்க?" என்று கண்கலங்கியிருக்கிறாள். இனிமேல் பாயில் படுக்க வேண்டாம், தினமும் ஐந்தரைக்கே கிளம்பலாம், நெரிசல் இல்லாமல் நிதானமாகப் போகலாம் என்று உத்தரவு. ஒரு மனுஷன் சந்தோஷமாக இருப்பதை அந்த மெஷின் கண்டுபிடித்து, அதற்கு நோய் என்று பெயர் வைத்திருந்தது. படித்தவர்கள் செய்த மெஷின்.

"அப்புறம் இன்னாடா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற?" என்றான் தாஸ்.

"ஒரு மாசம் பாப்பாங்களாம். பட்டை முழுக்கப் பச்சையாச்சுன்னா குணமாயிடுச்சுன்னு திரும்பப் பாய்ல படுக்க வெப்பாங்க. செவப்பு கொறையவே இல்லன்னா ரயிலே வேணாம், வீட்லேர்ந்தே வேலை பாருங்கன்னுடுவாங்க. வீட்ல ஒரே ரூமு. பிரிசில்லாவோட தையல் மெஷினு ஒரு மூலை, நான் ஒரு மூலை. எங்க போய்க் கத்துறது?"

பச்சையும் கூடாது, சிவப்பும் கூடாது. பேரம் படியவும் கூடாது, முறியவும் கூடாது. இது எனக்குப் பழகின கணக்கு. வாரத்தில் நான்கு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. "முன்னேற்றம் தெரிகிறது, சிகிச்சையைத் தொடரவும்" என்று எழுதுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்காது. அந்த ஒரு நாளுக்கு ஒரு பச்சை மனுஷன் வேண்டும். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாதுரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, பசுமாடு போல நின்றிருந்தார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை மட்டும் இந்தப் பட்டைய உங்க கைல கட்டிக்கிறீங்களா? ஒரு உதவியா?"

அவர் நிதானமாக யோசித்தார். "கட்டிக்கலாம் பார்ட்னர். ஆனா பேங்க்ல நாள் பூரா நிக்கிறேன். ரயில்லயும் நின்னுகினே கட்னா எகிறும். உக்காந்தாதான் பச்சை வரும்."

"உக்காருங்க, எதிர் சீட்ல எடம் பாத்துத் தரேன்."

"சும்மா உக்காந்தா தூக்கம் வந்துடும். தூங்குறத மெஷினு கண்டுபிடிச்சிடுமாமே? கைல சீட்டு இருந்தா சரியா இருக்கும்."

பதினான்கு மாதம் பின்னால் நின்றது எங்கள் சீட்டை மட்டும் பார்க்க அல்ல, எங்கள் முகத்தையும் பார்க்கத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதம் ஒரு வெள்ளி என்றேன். சிரித்தார். ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பங்காருப்பேட்டையில் எல்லா வெள்ளியையும் கொடுத்துவிட்டு இறங்கி, வடையையும் நானே வாங்கினேன்.

வெள்ளிக்கிழமைகள் இப்படி ஆயின: அப்பாதுரை என் எதிரில். பால்ராஜ் அவர் பின்னால் நின்று, இடமில்லாத குறையை என்னைத் திட்டித் தீர்த்துக்கொள்வான். பட்டை எலுமிச்சை இலை போலப் பச்சை. "சாரி பார்ட்னர்." "பரவால்ல பார்ட்னர்." நான்கு வெள்ளி தாங்கினேன்.

மாதம் முடிந்த திங்கட்கிழமை பால்ராஜ் ஏறினான். முகம் சரியில்லை. ஃபோனை என்னிடம் நீட்டினான். சுப்ரியா மேடத்தின் கடிதம். ஆங்கிலத்தில், பூ போட்டு. தாஸ் பிடுங்கி, தமிழாக்கிச் சத்தமாகப் படித்தான்:

"'அன்புள்ள பால்ராஜ் சார், உங்க முன்னேற்றம் எங்க எல்லாருக்கும் ஒரு பாடம். முக்கியமா வெள்ளிக்கிழமை! அன்னிக்கு நீங்க என்ன செய்றீங்களோ தெரியாது. அதையே வாரம் அஞ்சு நாளும் செய்ங்க. அடுத்த மாசம் அஞ்சு நாளும் அதே மாதிரி வந்தா, ஐந்தரை மணிச் சலுகை நிரந்தரம், கிளாஸே வேண்டாம். வரலைன்னா வீட்லேர்ந்து வேலைக்கு நானே சிபாரிசு பண்றேன்.'"

ஐந்து நாளும் பச்சை என்றால் ஐந்து நாளும் அந்த இடத்தில் அப்பாதுரை. கம்பியைப் பிடித்திருந்த கை மெதுவாக விலகியது. அப்பாதுரை சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். இஸ்திரி போட்டு நான்காக மடித்தது. அதைப் பிரிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மேடம் வெவரமானவங்கதான் பார்ட்னர்" என்றார்.

"அண்ணே, செவ்வாயும் வெள்ளியும்" என்றான் பால்ராஜ், நான் வாயைத் திறப்பதற்குள். "ரெண்டு நாள் வெச்சிக்கோங்க. மீதிய நான் மேடத்துகிட்டப் பேசிக்கிறேன்."

"டேய், பேரம் தெரியாத முண்டமே, எடுத்த எடுப்புல ரெண்டு நாளக் கொடுப்பாங்களாடா!" என்று கத்தினேன்.

"நீ பேசிக் கிழிச்சதுதான்யா இது! மொதலாளியாம் மொதலாளி!"

"ரெண்டு பேரும் வெளிய போய்க் கத்துங்கடா" என்று சீட்டைக் குலுக்கினாள் தனக்கோடி அக்கா. அவள் முகமும் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது.

பால்ராஜின் மணிக்கட்டில் பட்டை சிவந்து துடித்தது. அப்பாதுரை குனிந்து அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு அவசரமே இல்லை. ரயில் கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பம் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.