வியாபாரப் பாவனை கூடாது

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கடை வாசலை ஒட்டி ஓடுகிற, கூரை போட்ட நடைபாதைக்கு அஞ்சடி என்று பெயர். பெயர் வைத்தவர் அளந்துதான் வைத்தாரா என்று யாரும் கேட்டதில்லை. மகதலேனா கேட்கவில்லை, அளந்தே பார்த்துவிட்டாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், பக்கிரிசாமியின் வெற்றிலைபாக்குக் கடை முன்னால் ஒரு மேசை போட இடம் கேட்டு வந்த அன்றைக்கே, துணி டேப்பை விரித்துக் கடைச்சுவரிலிருந்து தூண்வரைக்கும் பிடித்தாள். எட்டடி இருந்தது. டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "பேரே அஞ்சடிதானே, அஞ்சடிக்கு உள்ள வாடகையைச் சொல்லுங்கண்ணே" என்று பேச ஆரம்பித்தாள். பக்கிரிசாமி அன்றைக்குத் தோற்றவர்தான். இன்றுவரை அவளிடம் ஜெயித்ததில்லை.

அந்த ஒரு மேசையில் ஊசி, நூல், பொத்தான், ரிப்பன், கொக்கி, கண்ணாடி வளையல், துணி டேப், லேஸ் எல்லாம் இருந்தன. அவளுடைய புருஷன் லியனார்ட் கிள்ளான் லைனில் ரயில் கார்டு. துறைமுகத்தில் சரக்கு இறங்கிய வாரமே அவளுக்கு நல்ல லேஸ் வந்து சேர்ந்துவிடும். ரயில்வே கோட்டர்ஸ் வீடுகளின் பெண்கள் ஒரு கஜம் கேட்டால் ஒரு கஜமும் நாலு விரலும் சேர்த்து வெட்டுவாள். அந்த நாலு விரலுக்காகவே ரவாங்கிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் இருந்தார்கள்.

இது பொறுக்காதவர் ஒருவர் எதிர்வரிசையில் இருந்தார். ஜவுளிக்கடை சபாபதி. இரண்டு வாசல் கடை, கண்ணாடி பீரோ, மேலே மின்சார விசிறி. சனிக்கிழமைதோறும் தமிழ்ச் சபையில் பிரசங்கம் செய்கிறவர். கடைச் சிப்பந்தி "வாழப்பழம்" என்று சொல்லிவிட்டால் "ழகரம் வரட்டும், அப்புறம் பழம் வரும்" என்று நிறுத்திவைக்கிறவர். அவர் கடையில் சீட்டித்துணி எடுக்கும் பெண்கள், லேஸுக்கு மட்டும் தெருவைக் கடந்து மகதலேனாவிடம் போனார்கள். அவரும் ஒரு வருடம் லேஸ் வைத்துப் பார்த்தார். மஞ்சள் பூத்ததுதான் மிச்சம். பிறகு பேனாவை எடுத்தார். மேசைக்காரர்களால் பொதுஜனம் நடக்க முடியவில்லை என்று நகரத்துப் போர்டுக்கு மூன்று பக்கம் எழுதிப்போட்டார்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது தூணில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ்.

"படிச்சு சொல்லு தங்கச்சி, என் கண்ணு எழுத்துக்கிட்டப் போனாலே தண்ணி விடுது" என்றார் பக்கிரிசாமி.

மகதலேனா படித்தாள். "கடைகளின் முன்னுள்ள ஐந்தடியில் வியாபாரப் பாவனை எவ்விதத்திலும் கூடாது. பாவிப்போருக்கு இருபத்தைந்து வெள்ளி அபராதம்."

"பாவிங்களுக்கு அபராதமா?"

"பாவிப்போருக்குன்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்லா. பாவம் பண்ணவனுக்குத் தண்டனை குடுக்கிறது உங்க கோயில் பாதர் வேலையாச்சே, போர்டு எப்ப எடுத்துக்கிச்சு?"

"சும்மா இருங்கண்ணே. பாவனைன்னு இருக்கு. வியாபாரம் பண்ற மாதிரி பாவனை பண்ணக் கூடாதாம்."

"யாரு பாவனை பண்ணா? நீ காலையிலேருந்து நெசமாத்தானே தொண்டைத்தண்ணி வத்தக் கத்துற!"

இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே போர்டின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி விநாயகமூர்த்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில். போர்டில் இங்கிலீஷைத் தமிழாக்குவதும் தமிழை இங்கிலீஷாக்குவதும் அவர்தான்.

"என்ன பகிடி?" என்று கேட்டார்.

"இது என்னாங்கய்யா, பாவனை?"

"விளங்கேல்லையோ? பாவிக்கிறது எண்டால் உபயோகிக்கிறது. அஞ்சடியை வியாபாரத்துக்குப் பாவிக்கக் கூடாது. உந்த மேசையை அடுத்த மாசம் முதலாந்திகதிக்குள்ள எடுத்துப் போடுங்கோ, அம்மா. நான் சொல்லேல்ல, சட்டம் சொல்லுது."

மகதலேனாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. வருடம் முழுவதும் விற்பதில் பாதியை அவள் விற்பது தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில். முதல் தேதிக்கு மேசை போனால் அந்தப் பாதி போயிற்று. அதைவிட, இரண்டு மாதம் வேறு இடத்தில் லேஸ் வாங்கிப் பழகிய பெண்கள் மூன்றாவது மாதம் தேடி வரமாட்டார்கள். எதிர்க்கடை விசிறிக்குக் கீழே நின்று சபாபதி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நோட்டீஸை எழுதினது நீங்கதானாய்யா?" என்று கேட்டாள்.

"ஓம். ஒரு எழுத்துப் பிழை காட்டுங்கோ பாப்பம்!" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

பிழை இல்லைதான். அவர் ஊரில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த இந்தத் தெருவில் அதற்கு அர்த்தம் வேறு. நோட்டீஸின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: ஆட்சேபனை உள்ளவர்கள் அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில் நேரில் வந்து சொல்லலாம்.

"போறியா?" என்றார் பக்கிரிசாமி. "நீ போனா நானும் வரேன். ஆனா நான் வாயைத் தொறக்க மாட்டேன், வெத்தலை இருக்கும்."

மகதலேனா ஒரு வாரம் வியாபாரம் பார்த்துக்கொண்டே யோசித்தாள். சட்டம் அநியாயம் என்று அழுதால் போர்டு சேர்மனான வெள்ளைக்காரத் துரை கேட்கமாட்டார். அழுகிறவர்கள் அவருக்கு வாரம் பத்துப் பேர். ஆனால் துரையைப் பற்றி லியனார்ட் ஒரு கதை சொல்லியிருந்தான். ரயில்வேக்காரர்கள் அனுப்பிய ஒரு கடிதத்தில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனதற்கு, அதைத் திருப்பியே அனுப்பிவிட்டாராம். காகிதம்தான் அவருக்குத் தெய்வம். அப்படியானால் காகிதத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். நீள மேசை, தலைமாட்டில் சேர்மன் துரை, பக்கத்தில் நின்றபடி விநாயகமூர்த்தி. புகார் கொடுத்தவர் என்ற முறையில் சபாபதி முன்வரிசையில், அங்கவஸ்திரம் கசங்காமல் உட்கார்ந்திருந்தார். மகதலேனா மாதாகோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தூணிலிருந்து ஈரம் காட்டி உரித்தெடுத்த நோட்டீஸ் நாலாக மடிந்து கையில் இருந்தது.

"உன் ஆட்சேபனை என்ன?" என்றார் துரை. விநாயகமூர்த்தி தமிழில் சொன்னார்.

"எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லைங்க. போர்டு சொன்னபடி நடக்கிறேன்னு சொல்லத்தான் வந்தேன். வியாபாரப் பாவனை கூடாதுன்னு போட்டிருக்கு. நான் ஒருநாளும் பாவனை பண்ணதில்லைங்க. பதினோரு வருசமா நெசமாவே வியாபாரம் பண்றேன். இனிமேலும் நெசமாவேதான் பண்ணுவேன்."

அறையில் தமிழ் தெரிந்தவர்களுக்கெல்லாம் உதடு துடித்தது. விநாயகமூர்த்தியின் முகம் காதுவரை கறுத்தது. அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னால், அவர் எழுதிய நோட்டீஸ் சிரிப்புக்கு ஆளாகும். கொஞ்சம் வளைத்துச் சொன்னால் யாருக்கும் தெரியாது. துரைக்குத் தமிழ் சுழியம். மகதலேனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைச் சொல்வதென்று மனசுக்குள் தேடுகிற வாடிக்கைக்காரனை அவள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். அவசரப்படுத்தவில்லை.

விநாயகமூர்த்தி காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு அவள் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் இங்கிலீஷில் சொன்னார்.

துரை கண்ணாடியைக் கழற்றினார். "நடிப்பா? நடிக்கக்கூடாது என்று யார் சொன்னது?"

"தமிழ் நோட்டீஸ் அப்படிச் சொல்கிறதாம், ஐயா. என் ஊரில் அந்தச் சொல்லுக்கு உபயோகம் என்று பொருள். இந்தம்மாவின் ஊரில் வேறு பொருள் போலிருக்கிறது."

"போலிருக்கிறதா? யாருக்கு நிச்சயமாகத் தெரியும்?" விநாயகமூர்த்தி கேள்வியைத் தமிழில் சொன்னார்.

இந்தக் கேள்விக்காகத்தான் மகதலேனா ஒரு வாரம் காத்திருந்தாள். "ஐயா, இந்த ஊர்ல தமிழ்னா சபாபதி ஐயாதான். சனிக்கிழமை பிரசங்கத்துக்கு ரயில்வேக்காரங்க பாதிப்பேர் போறாங்க. அவரையே கேளுங்க. அவர் சொன்னா நான் ஒத்துக்கிறேன். உபயோகம்னு சொன்னாருன்னா இன்னைக்கே மேசையை எடுத்துடுறேன்."

பக்கிரிசாமி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

சபாபதிக்கு முன்னால் இரண்டு வழி திறந்திருந்தது. "உபயோகம்" என்று ஒரே வார்த்தை சொன்னால் எதிர்வரிசை மேசை போய்விடும். ஆனால் பின்வரிசையில் தமிழ்ச் சபைக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போன சனிக்கிழமை இந்தப் போர்டு நோட்டீஸையே எடுத்துக்காட்டாக வைத்து, தமிழ் எப்படிக் கெடுகிறது என்று முக்கால் மணி நேரம் அவர் பேசியிருந்தார். அதுவும் அவளுக்குத் தெரியும். கேட்டவர்களின் மனைவிமார் அவளிடம்தான் ரிப்பன் வாங்கினார்கள்.

சபாபதி எழுந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். ஒரு கணம் வாய் "உ" என்று குவிந்தது. பிறகு சபைக்காரர்கள் பக்கம் பார்த்தார்.

"பாவனையாவது, ஒன்றைப் போலக் காட்டுதல். உபயோகத்துக்குப் பாவனை என்று எழுதுவதை இந்தத் தெருவில் நான் ஒப்பமாட்டேன். உபயோகம் என்றால் உபயோகம் என்றே எழுத வேண்டும்!"

பின்வரிசையில் நாலு பேரும் தலையாட்டினார்கள். விநாயகமூர்த்தி அதையும் ஒரு வார்த்தை குறையாமல் மொழிபெயர்த்தார். இந்த முறை கொஞ்சம் சந்தோஷமாகவே மொழிபெயர்த்தார் என்று மகதலேனாவுக்குத் தோன்றியது.

துரை பேனாவை எடுத்தார். "எது நல்ல தமிழ் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரே காகிதத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கலாம் என்றால், அதை வைத்து யாருக்கும் அபராதம் போட முடியாது. இந்த நோட்டீஸ் ரத்து. புதிதாக எழுதி, ஒட்டி, முப்பது நாள் கழிந்து அமுலுக்கு வரட்டும். அடுத்த மாதம் கூட்டம் இல்லை, டிசம்பரில் விடுமுறை. ஆகவே எழுத்து ஜனவரிக் கூட்டத்துக்கு வரட்டும்."

ஜனவரி! தீபாவளி முடிந்து, கிறிஸ்துமஸும் முடிந்து, பொங்கல் ரிப்பனும் விற்றுவிடலாம். விநாயகமூர்த்தி தமிழில் சொல்லி முடித்ததும், பக்கிரிசாமி வாய்திறக்க மாட்டேன் என்ற சபதத்தை மறந்து "அப்படிப் போடு!" என்றார். வெற்றிலைச்சாறு சட்டையில் வழிந்தது.

துரை சபாபதியிடம் திரும்பினார். "புதிய நோட்டீஸில் எல்லாம் துல்லியமாக இருக்கட்டும். உங்கள் புகார், நடக்க இடமில்லை என்பதுதானே? எத்தனை அடி இருந்தால் போதும்?"

தமிழைக் காப்பாற்றிய களைப்பில் இருந்தார் சபாபதி. "அஞ்சடி என்று பெயர் இருக்கையில் கேள்வி எதற்கு? ஐந்து அடி அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். தெரு முழுவதற்கும்!"

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் துரை.

விநாயகமூர்த்தி எழுதிக்கொண்டார். மகதலேனா வாயே திறக்கவில்லை. விலை படிந்தபிறகு பேசுகிற வியாபாரி உருப்பட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. நோட்டீஸை மறுபடி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அந்தத் தீபாவளிக்கு மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை. போர்டில் நின்று பேசிய கதையைக் கேட்கவே பண்டமாரானிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். கதைக்குக் காசு இல்லை, ஆனால் ஒரு கஜமாவது வெட்டாமல் யாரும் போகவில்லை. "நெசமான லேஸ்தானேக்கா, பாவனை இல்லியே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டதுபோல அவளும் சிரித்தாள். அது மட்டும் கொஞ்சம் பாவனைதான்.

மார்ச் மாதம் முதல் தேதி புதிய சட்டம் அமுலுக்கு வந்த காலையில், விநாயகமூர்த்தி சைக்கிளைத் தூணில் சாத்தினார்.

"வாசிச்சனீங்களோ, அம்மா? இந்த முறை உங்கட ஆக்களுக்கு விளங்குதோ?"

"நல்லா விளங்குதுங்கய்யா. கடை முன்னால ஐந்து அடி அகலத்துக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. உபயோகம்னுகூட எழுதலையே!"

"அந்தச் சொல்லை நான் இனி இந்த ஊரில எழுதமாட்டன்" என்றவர், மேசையைப் பார்த்தார். அது தூணை ஒட்டி, இரண்டரை அடி அகலத்தில் ஒடுங்கி நின்றது. சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இரண்டு பெண்கள் குடையோடு அகலமாகவே நடந்து போனார்கள்.

மகதலேனா விற்பனைக்கு இருந்த ஒரு டேப்பை எடுத்து, அதன் ஒரு முனையைப் பக்கிரிசாமியிடம் கொடுத்து, மறுமுனையைத் தூணில் வைத்துக் காட்டினாள். "எட்டடிங்கய்யா. அஞ்சை விட்டுட்டேன். அரை அடி போர்டுக்குப் போனஸ்."

விநாயகமூர்த்தி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "பேர் மட்டும்தான் அஞ்சடி எண்டு அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?"

"பதினோரு வருசமா தெரியும்."

அவர் எதிர்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அந்த வரிசை வேறொருவர் கட்டியது. அங்கே நடைபாதை பெயருக்கு ஏற்ற மாதிரி மிகச்சரியாக ஐந்து அடிதான். சபாபதியின் வாசலில் அந்த ஐந்தில் இரண்டரை அடியை அடைத்துக்கொண்டு, மூங்கில் கொடியில் சீட்டித்துணிகள் வரிசையாகத் தொங்கின. கீழே வேட்டிக்கட்டுகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன. உள்ளே சபாபதி யாருக்கோ ழகரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த டேப்பை ஒருக்காப் பாவிச்சிட்டுத் தரட்டோ?" என்றார் விநாயகமூர்த்தி.

"தாராளமா பாவிங்கய்யா" என்றாள் மகதலேனா. அவர் பாதித் தெரு போனபிறகு குரல் கொடுத்தாள்: "பாத்து அளங்க, அது விக்கிற சாமான்!"