யாருடைய கிருமி

விடுதிப் பிள்ளைகளில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தபோது, அவர்களுக்குச் சமைத்துப் போட்ட பாப்பாவுக்கு மட்டும் ஒரு கோளாறும் இல்லை. அதுவே அவளுக்கு வினையாக முடிந்தது.

பாப்பா என்பது பேர்தானே தவிர, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன் சிறுவயதில் கூப்பிட்டுப் பழகியதை விடவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். புருஷன் கைவிட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஒண்டியிருந்தாள். பள்ளி விடுதியில் சமையல் வேலை. அண்ணன் கோழிப்பண்ணை வைத்திருந்தான். அந்தப் பண்ணை முட்டைகள் விடுதிக்குப் போக ஏற்பாடு செய்ததும் அவள்தான். "எங்க அண்ணன் முட்டை சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று வார்டனிடம் அவள் பெருமையாகச் சொன்னது விடுதியில் எல்லாருக்கும் தெரியும்.

வார்டன் சத்து விஷயத்தில் பிடிவாதக்காரர். முட்டையை முழுக்க வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று எங்கேயோ படித்திருந்தார். அதனால் அரை வேக்காடுதான் உத்தரவு. மஞ்சள் கரு வழிய வழியப் பிள்ளைகளும் ஆசையாகத் தின்றார்கள். பாப்பாவுக்கு அந்த வாடையே ஆகாது. அவள் முட்டையைத் தொடுவதோடு சரி.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பிள்ளைகளின் வயிற்றில் சால்மோனெல்லா கிருமி இருப்பதாகத் தெரிந்ததும், சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து சமையல்கட்டில் இருந்த எல்லாருடைய மலத்தையும் சோதனைக்கு வாங்கிப் போனாள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பாப்பாவுக்கு இருந்தது.

"எனக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கே, டாக்டரம்மா!"

"சில பேருக்கு அப்படித்தான். கிருமி உள்ளே குடியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆனா வெளியே போய்க்கிட்டே இருக்கும். அது போற வரைக்கும் நீங்க சமைக்கக் கூடாது. உங்களுக்குன்னு தனிக் கக்கூஸ், தனித் தட்டு, தனித் தம்ளர்."

"அப்போ என்னாலதானா?" என்றாள் பாப்பா.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடியே சொன்னாள். "அதை இப்பவே சொல்ல முடியாது. சால்மோனெல்லாங்கறது வம்சப் பேரு மாதிரி. அதுக்குள்ள ஏகப்பட்ட குடும்பம் இருக்கு. பிள்ளைங்ககிட்ட இருக்கறது, உங்ககிட்ட இருக்கறது, உங்க அண்ணன் கோழிகிட்ட இருக்கறது, எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பார்க்கணும். எது எதுக்குச் சொந்தம்னு அப்பத்தான் தெரியும். பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கோம். முடிவு வரட்டும்."

டாக்டரம்மாவின் ஆட்கள் பண்ணையில் கோழி எச்சத்தை அள்ளினார்கள். முட்டைகளை எடுத்தார்கள். வீட்டுப் பால் தேவைக்கு அண்ணி வளர்த்த பசுவையும், பாப்பா கையால் பால் குடித்து வளர்ந்த கன்றையும்கூட விட்டுவைக்கவில்லை. முடிவு வரும்வரை முட்டை வெளியே போகக் கூடாது என்று பண்ணை வாசலில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து பின்னறையே கதி. முற்றத்து மூலையில் இருந்த பழைய கழிப்பறையை அவளுக்கென்று ஒதுக்கினார்கள். அண்ணி தட்டைக் கொண்டுவந்து வாசற்படியில் வைப்பாள். வைத்த கையோடு நகர்ந்துவிடுவாள். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் போகும்போது புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வாள் பாருங்கள், அந்த ஒன்று போதும், பாப்பாவுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் கோழிக் கொட்டகையின் தகரச் சுவர். நாள் முழுக்கக் கொக்கரிப்பும் நெடியும். விற்க வழியில்லாத முட்டைகள் தட்டுத் தட்டாகக் கொட்டகை ஓரத்தில் ஏறிக்கொண்டே போவது அங்கிருந்து தெரியும். ஜன்னலை மூடினால் புழுக்கம் ஆளைக் கொன்றது. திறந்து மூடி, மூடித் திறந்து, அதுவே ஒரு வேலையாகிப் போனது.

படுத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்பாள். பிள்ளைகளின் கிருமி அவளுடையது என்று வந்தால் இனி எந்தச் சமையல்கட்டிலும் அவளை ஏற்ற மாட்டார்கள். கோழியுடையது என்று வந்தாலோ, அத்தனை கோழிகளையும் அழித்துவிடுவார்கள். அண்ணன் நடுத்தெருவில் நிற்பான். அவள் தலைக்கு மேல் இருப்பது அவன் கூரை. சாமியிடம் எதைக் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிடுவாள், வாய்க்குள் ஒரு வார்த்தையும் வராது, கையைக் கீழே போட்டுவிடுவாள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் வந்து வாசலில் குந்தினான். இத்தனை நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

"சாப்பிட்டியா, பாப்பா?"

"ஆச்சு."

தரையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே இருந்தான். பிறகு மென்று விழுங்கியபடி ஆரம்பித்தான். "டாக்டரம்மா நாளைக்கு மறுபடியும் விசாரிக்க வருதாம். நீ ஒண்ணு சொன்னா நல்லா இருக்கும்."

"என்ன சொல்லணும்?"

"பிள்ளைங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே உனக்கு வயித்தால போச்சுன்னு சொல்லு. சொன்னா லீவு கிடைக்காதுன்னு மறைச்சு வேலைக்குப் போனேன்னு சொல்லு. அவ்வளவுதான். உன்னை என்ன தூக்குலயா போடப் போறாங்க? மாத்திரை குடுப்பாங்க, சரியாயிடும். ஆனா பண்ணை போச்சுன்னா..." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம எல்லாருக்கும் சேர்த்துதானே கேக்கறேன்?"

அந்த 'நம்ம' பாப்பாவைக் கட்டிப்போட்டது. புருஷன் போன அன்று, ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் இவன். மறுநாள் டாக்டரம்மா முன்னால், அவன் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்னே கேட்டப்போ இதைச் சொல்லலியேம்மா?"

"பயந்துட்டேன்" என்றாள் பாப்பா. அதில் மட்டும் பொய் இல்லை.

அன்று இரண்டு வேளையும் அண்ணி தட்டில் தாராளமாகப் போட்டாள்.

சொன்னதால் ஒரு புண்ணியமும் இல்லை. கிருமிக்கு யார் பேச்சும் ஏறாது. லேப் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா முற்றத்தில் நின்று சொன்னதை, பாப்பா அறை வாசலில் இருந்தே கேட்டாள். பிள்ளைகளிடம் இருந்ததும் கோழிகளிடம் இருந்ததும் அச்சு அசல் ஒன்று. பாப்பாவிடம் இருப்பது வேறு வகை. அது கன்றுக்குட்டியின் கிருமியோடு பொருந்துகிறது.

"கன்னுக்கு விரலைச் சப்பக் குடுத்துப் பால் பழக்கினீங்களா?"

பாப்பா தலையசைத்தாள்.

"அங்கேருந்து ஒட்டியிருக்கு. பிள்ளைங்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை." சொல்லிவிட்டு டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

அண்ணன் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணி வாசல்தூணைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா அறைக்குள் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டு லாரிகள் வந்தன. வெள்ளை உடுப்பு ஆட்கள் கோழிகளைக் கூடை கூடையாக அள்ளினார்கள். முதலில் காது கிழிகிற சத்தம்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் ஒன்றுமே இல்லை. பாப்பா ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் வெறுத்த அந்தக் கொக்கரிப்பு ஒன்றாவது கேட்காதா என்றிருந்தது.

பண்ணைக்கு ஏதோ கொஞ்சம் ஈட்டுத்தொகை உண்டு, கொட்டகையைக் கழுவி மருந்தடித்து மறுபடி தொடங்கலாம் என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் பாப்பாவின் சோதனைகளும் வரிசையாகச் சுத்தமாக வந்துவிட்டன. சமைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஆனால் விடுதியிலிருந்து கூப்பிடவில்லை. கேட்டு அனுப்பியதற்கு, டாக்டரம்மாவிடம் அவள் சொன்னதை வைத்து, வயிற்றுப்போக்கை மறைத்துக்கொண்டு சமைத்தவளை எப்படி மறுபடி உள்ளே விடுவது என்று வார்டன் பதில் சொல்லி அனுப்பினார்.

"அண்ணே, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிடு" என்றாள் பாப்பா. "நீ சொல்லச் சொல்லித்தான் சொன்னேன்னு."

"இப்ப எதுக்கு அவசரப்படறே?" என்று அண்ணி இடையில் புகுந்தாள். "இங்கேயே இரேன். கொட்டகை கழுவணும், புதுக் குஞ்சு வரும், வேலைக்கு ஆள் வேணுமில்ல? நீ வீட்டு மனுஷி."

அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள். பாப்பாவின் கண்முன் வந்தது வேறு. பின்னறை, தகரச் சுவர், கோழி எச்சம். சாகிறவரைக்கும்.

விடாமல் நச்சரித்து அண்ணனைக் கிளப்பினாள். விடுதி வாசல்வரை ஸ்கூட்டரில் வந்தவன், "நீ போய்ப் பேசு, நான் இங்கயே நிக்கறேன்" என்றான். அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அப்படி அவனை அவள் இழுத்தது அதுதான் முதல் தடவை.

வார்டன் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை.

"சார், எனக்கு வயித்தால போகவே இல்லை. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"அப்போ நீங்க பொய் சொல்றவங்க. இப்ப சொல்றது நிஜம்னு நான் எப்படி நம்பறது?" வார்டன் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க தங்கச்சிக்கு அப்போ உடம்பு சரியில்லாம இருந்துதா, இல்லியா?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு... அவ்வளவாத் தெரியாது சார். நான் பண்ணையில இருப்பேன்."

பாப்பா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

"இவன்தான் சார் சொல்லச் சொன்னான்." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "பண்ணையைக் காப்பாத்தறதுக்கு. நான் சரின்னேன், அது என் தப்பு. ஆனா பிள்ளைங்களுக்கு என்னால வரலை. அரை வேக்காட்டுல போடச் சொன்னது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

வார்டனின் முகம் இறுகியது. மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். கமிட்டியில் கேட்டுப் பார்க்கிறேன், சொல்லி அனுப்புகிறேன் என்றார். இனி சொல்லி அனுப்ப மாட்டார் என்பது மூன்று பேருக்கும் அந்த நொடியே தெரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். "ஏறு."

"நடந்து வர்றேன்."

"வெயில்ல எவ்வளவு தூரம்? ஏறு, பாப்பா."

அவள் நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் அவன் பக்கத்திலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தான். "அங்கே வாய் வரலை பாப்பா. பொம்பளைப் புள்ளையைப் பொய் சொல்லச் சொன்னேன்னு எப்படி..." என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளாததைப் பார்த்துவிட்டு வேகமெடுத்துப் போய்விட்டான்.

கடைத்தெரு, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம். வழியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளில் ஏறி ஆள் வேண்டுமா என்று கேட்டாள். இரண்டாவது கடைக்காரன் அவளை உற்றுப் பார்த்து, "நீங்க அந்த விடுதியில இருந்தவங்கதானே?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வேறு போக்கிடம் இல்லை. பொழுது சாயும் நேரம் வீட்டுக்குள் நுழைந்தாள். பின்னறைக்குப் போகாமல் நேராகச் சமையல்கட்டுக்குப் போய், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அலமாரியிலிருந்து எல்லாரும் சாப்பிடுகிற தட்டில் ஒன்றை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி தலைப்பில் கை வைத்தவள், என்ன நினைத்தாளோ, எடுத்துவிட்டாள்.

"நாளைக்குக் கொட்டகை கழுவறேன்" என்றாள் பாப்பா, நிமிராமலே. "கூலி எவ்வளவுன்னு அண்ணனைச் சொல்லச் சொல்லுங்க."