அனுப்பிரியாவின் ஆறு வாரம்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கா மகளை வில்லியனூர் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்திலிருந்து அழைத்து வரும் வேலை டிசம்பர் கடைசியில் என் தலையில் விழுந்தது. சீக்கிரமே போய் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. அங்கே எனக்குப் போட்டியாக இன்னொருத்தி இருந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். மெத்தை ஓரத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் பல்டியடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுகமாக உட்கார்ந்திருந்தேன். அவள் தண்டனை அனுபவிக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

விசாரித்தேன். அவளுக்கு ஆஃப் சீசன், ஆடாமல் ஓய்வெடுக்கிற காலம் என்றார்கள். பேர், ஊர், அப்பா, கை வலி எல்லாம் இனி நானாக வைத்துக்கொள்வது.

2

முதல் தொடக்கம்: ‘அனுப்பிரியா ஓடி வந்து, கையூன்றி, அந்தரத்தில் சுழன்றபோது அரியூரே…’ வேண்டாம். ஓய்வைப் பற்றிய கதை குதித்துக்கொண்டா தொடங்கும்?

இரண்டாவது: ‘ஓய்வு என்பது உடலுக்கு நாம் செலுத்தும்…’ இது பள்ளி ஆண்டு மலரில் வருகிற கட்டுரை.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன். அனுப்பிரியாவுக்கு வலது மணிக்கட்டில் வலி. கையை ஊன்றினால் சுருக்கென்றது. யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் போட்டிகளில் ஆடினாள். நான்காவது மாதம் பேனா பிடிக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். எலும்பு வளர்கிற இடம் புண்பட்டிருக்கிறது, இப்போது ஆறவிட்டால் ஆறும், விடாவிட்டால் அந்த எலும்பு வளராமலே நின்றுபோகலாம் என்றார் மருத்துவர். பயிற்சியாளர் செல்வகுமாரி கைக்கு ஆறு வாரம் ஓய்வு என்றார்.

“ஓடு, வயித்துக்கு எக்ஸர்சைஸ் பண்ணு, நல்லா தூங்கு. கை மேல மட்டும் ஒடம்பு வெயிட்ட வைக்காத.”

“மறந்து போயிட்டா மிஸ்?”

“சைக்கிள் ஓட்டறது மறந்து போவுமா உனக்கு?”

சைக்கிள் மறக்காதுதான். ஆனால் அவளைவிட இளையவள் ஒருத்தி அவளுடைய பல்டியை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டதை மெத்தை ஓரத்திலிருந்து பார்த்தாள். வயிறு எரிந்தது.

3

இப்போது அப்பா. மணவாளன், அரியூரில் நெல்லும் கரும்பும் வைக்கிற விவசாயி. விவசாயி என்றதும் நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் நிலத்தைப் பார்ப்பார், மண்ணுக்கும் ஓய்வு வேண்டும் என்று உறைக்கும், கண் கலங்கி மகளைக் கட்டிக்கொள்வார். நானும் அப்படித்தான் ஒரு பக்கம் எழுதினேன். அப்புறம் அரியூர்ப் பக்கம் போய் வயலைப் பார்த்தேன். (குறிப்பு: எழுதுமுன் போயிருக்க வேண்டும்.) அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நெல் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தைத் தூவிவிடுகிறார்கள். நெல் வீட்டுக்குப் போகும்போது உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கிறது. கண் கலங்க அங்கே தரிசு ஏது?

ஆகவே மணவாளன் கூடத்துக்கு வந்து சொன்னது வேறு.

“நெலத்த ஒருநா சும்மா போட்டவன் இல்ல மேடம் நான். புள்ளைய ஆறு வாரம் குந்திகினு இருக்கச் சொல்றீங்களே.”

“சும்மா இல்லண்ணா. உள்ள எலும்பு வேல செய்யுது.”

“கண்ணுக்குத் தெரியலயே.”

(செல்வகுமாரிக்கு இந்த இடத்தில் ஓர் அருமையான பதில் எழுதித் தர ஆசைப்பட்டேன். அவர் அதற்குள் பல்டியடிக்கப்போகிற அடுத்த பிள்ளையின் இடுப்பைத் தாங்கிப் பிடிக்கப் போய்விட்டார். அவருக்கு வேலை இருந்தது.)

4

மணவாளன் கெட்டவர் இல்லை. ஒரு தப்பு செய்தார், அவ்வளவுதான். காணும் பொங்கல் விழாவுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த இளைஞர் மன்றத்துக் கௌதம் வயலுக்கே வந்து, “மாமா, அனுவ ஸ்டேஜ்ல பல்டி அடிக்கச் சொல்லலாமா?” என்று கேட்டான். உளுந்து தூவிக்கொண்டே அவர் சொன்னார்: “இப்ப ஃப்ரீயாத்தான இருக்குது. தாராளமா.”

நோட்டீஸில் பேர் அச்சாகிவிட்டது. அனுப்பிரியா அதை நான்கு முறை படித்தாள். பயந்தாள் என்று எழுதினால் பொய். அவளுக்கு ஆசையாக இருந்தது. மூன்று வாரமாகக் கையை ஊன்றாததால் வலியே தெரியவில்லை, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

5

காணும் பொங்கல் சாயங்காலம். கோயில் திடலில் மேடை, அதன் மேல் வைக்கோல் பரப்பித் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் அனுப்பிரியா வலது உள்ளங்கையைத் தரையில் வைத்து உடம்பைச் சாய்த்துப் பார்த்தாள். சுருக்கென்றது. அவள் கையை எடுத்துக்கொண்டு, ஓடி வந்து…

இங்கே பேனாவை வைத்துவிட்டு என் பழைய வரைவுகளைப் புரட்டினேன். முதல் வரைவில் அவள் பல்டியடித்தாள், கைதட்டல். இரண்டாவதில் அடித்து விழுந்தாள். மூன்றாவதில் அப்பா தடுப்பதற்குள் அடித்தாள். ஒன்றில் கனவில்கூட அடித்தாள். ஆறு வரைவு, ஆறு பல்டி, எல்லாம் அதே மணிக்கட்டில். எலும்பைப் பற்றி நானே என் கையால் எழுதிய பிறகும் இப்படி. மணவாளனைக் குறை சொல்லக் கிளம்பிய எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இது ஏழாவது. இதில் மேடைக்குப் பின்னால் மணவாளனை வரவழைத்து, அவளைப் பேச விட்டேன்.

“அப்பா, வலிக்குது.”

“சின்னதா ஒண்ணு அடிச்சுட்டு வந்துடும்மா. பேர் போட்டுட்டாங்க.”

“மேடைக்குப் போறேன். கைய ஊன்ற மாட்டேன்.”

“போயி இன்னா பண்ணுவ?”

“நிப்பேன்.”

கௌதம் பேரைக் கூப்பிட்டான். அனுப்பிரியா ஏறி நடுமேடையில் போய் நின்றாள். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. ஊர் காத்திருந்தது. ஒருவன் விசிலடித்தான். அவள் காது மடல் சிவந்தது, ஆனாலும் நின்றாள். கீழே நின்ற மணவாளன் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார், கௌதமிடமிருந்து மைக்கை வாங்கினார், தொண்டையைச் செருமினார்.

6

அவர் என்ன சொன்னார் என்பது இனி உங்கள் பொறுப்பு. ஊரிடம் மன்னிப்புக் கேட்கட்டும். மகளைத் திட்டட்டும். வாய் வராமல், எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கட்டும். அவரை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தாங்குவார். அவளை மட்டும் தொடாதீர்கள். ஆறு வாரத்தில் இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்கிறது.