திருமண் இட்ட அரசர்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்துக் கிடக்கும் திருவரங்கத்தின் கோபுரங்கள் மார்கழிப் பனியில் மங்கித் தோன்ற, தெற்கே மலைக்கோட்டை உச்சியில் விளக்கொளி மினுங்க, அதற்கும் அப்பால் பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனையின் சங்கு ஊதி ஓய, தொழிலாளர் குடியிருப்பில் வீடுதோறும் தாள் விண்மீன்கள் ஒளிரத் தொடங்கிய மாலைப்பொழுது அது. அறிவுசால் அன்பரே, அவ்விண்மீன்களுள் ஒன்றின்கீழ் ஒரு பெண் தலைகுனியாமல் நின்ற கதையைச் சொல்கிறேன், கேட்பீராக.

அவள் பெயர் மைத்ரேயி. திருவரங்கத்து வைணவக் குடியிற் பிறந்து, பணிமனை ஊழியனாகிய ரெஜிஸை மணந்து, அதனாலேயே பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுப் போக, புகுந்த வீட்டில் தன் முதற் கிறித்துப் பிறப்பு விழாவை எதிர்நோக்கியிருந்தாள். கடையில் வாங்கிய பரிசை அவ்வீட்டார் கொடார். தம் கையால் செய்ததையே ஒருவர்க்கொருவர் வழங்குவர். மாமனார் சவரிமுத்து மரக்கரண்டிகள் செதுக்கியிருந்தார். நாத்தனார் அமலி மேசைவிரிப்புப் பின்னியிருந்தாள். மைத்ரேயியோ, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களைக் களிமண்ணில் வனைந்து, உலர்த்தி, வண்ணம் தீட்டி, இயேசு பிறந்த தொழுவம் போல் வீட்டில் அமைத்திருந்த குடிலில் வைக்க எடுத்து வந்தாள்.

ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? ஆண்டுதோறும் கொலுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிய கை அது. அரசன் என்றால் நெற்றியில் திருமண் என்பதே அது கற்ற இலக்கணம். நரைதாடி அரசருக்கு வெண்கோடுகளும் நடுவே செங்கோடும் இட்டிருப்பதைக் குடிலின்முன் நின்றபோதுதான் அவளே கண்டாள். அமலியும் கண்டாள்.

"நாமம் போட்ட ராஜாவா? துடைச்சிட்டுக் கொண்டா, மைத்ரேயி. இது எங்க வீட்டுக் குடில்."

தவறுதான் என்று நாணித் துணியைத் தேடிய மைத்ரேயியின் கை, 'எங்க வீட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் நின்றது. ஒரு வீடு அவளை வெளியே தள்ளிற்று. இன்னொன்று அவள் அடையாளத்தை அழித்தால்தான் உள்ளே விடுமாம். நன்றாயிருக்கிறது இந்த நீதி. உலைநீர் போல அவள் உள்ளம் கொதித்தது. குரல் மட்டும் கொதிக்கவில்லை.

"துடைக்க மாட்டேன், அக்கா. ராஜாக்கள் கிழக்கேயிருந்து வந்தாங்கன்னுதானே பைபிள்ல இருக்கு?"

"ஸ்ரீரங்கம் நமக்கு வடக்கே இருக்கு."

"பெத்லகேமுக்குக் கிழக்குதானே."

சவரிமுத்து அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். "விடு, மைத்ரேயி," என்று தாழ்ந்த குரலில் தடுத்த ரெஜிஸை அவள் திரும்பியும் பாராள்.

"வேண்டாம்னா மூணு பேரையும் எடுத்துடுறேன், அக்கா. முகத்தை அழிச்சு ஒருத்தரை இங்க நிக்க வைக்க மாட்டேன்."

முகம் சிவந்த அமலி அவ்வரசரை வாங்கி, குடிலின் மூலையில், மாட்டுப் பொம்மையின் பின்னே மறைத்து வைத்தாள். மைத்ரேயி குனிந்து அவரை எடுத்து, குழந்தைக்கென ஒழித்திருந்த இடத்தின் நேர்முன்னே, மூவருள் முதல்வராய் நிறுத்தினாள். அமலியின் கை மீண்டும் எழுந்தது. அரசரின் காலடியில் கலைந்திருந்த வைக்கோலைச் சரிசெய்துவிட்டுத் தாழ்ந்தது.

தன்னை அழித்துக்கொண்டு நுழைபவர்க்கு எவ்வீட்டிலும் ஒரு மூலை கிடைக்கும், அன்பரே. தன் முகத்தோடு நுழைந்து நிற்பவர்க்கே அது வீடாகும்.