தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள்

பெண்களின் நிலை எந்த நாட்டில் எப்படி இருக்கிறது என்று அளந்து ஒப்பிடும் ஆய்வு அது. மதுரை மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை கோரிப்பாளையம் ருமானாவுக்குக் கிடைத்திருந்தது. பயிற்சியில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடி உதை பற்றிய கேள்விகளை அந்தப் பெண் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். வேறு யார் காதிலாவது விழும் என்றால் விட்டுவிட வேண்டும்.

பேரையூர்ப் பக்கம் பாண்டிமீனாவின் வீட்டுக்கு அவள் போனபோது, கணவன் காளை வாசலில் பைக்கைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். இதற்காக இந்த வெயிலில் இன்னொரு நாள் வர வேண்டுமா என்று ருமானா யோசித்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டால் போகிறது.

“சொல்லாம வெளிய போனா புருஷன் அடிக்கிறது நியாயம்னு நினைக்கிறீங்களா?”

பாண்டிமீனா சிரித்துவிட்டாள். “என்னக்கா இது? அது எப்படி நியாயமாகும்?”

“உங்கள அடிச்சிருக்காரா?”

சிரிப்பு அடங்கியது. “தங்கச்சி வளைகாப்புக்குச் சொல்லாமப் போயிட்டேன்னு அடிச்சாரு. அம்புட்டுப் பேரு பாத்தாங்க. இதுவரைக்கும் யாரும் என்னைய ஒரு வார்த்த கேட்டதில்லக்கா.” பேசப் பேச அவள் குரல் உயர்ந்தது.

வாசலில் ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிருந்தது. ருமானா அதைக் கவனித்தாள். கவனித்தும், மீதிக் கேள்விகளை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் ஜலால் போன் செய்தார். “அந்தப் பேரையூர்ப் பொண்ணுகிட்ட, பதில் சரிதானான்னு மறுபடி கேக்க ஆள் போனாங்கம்மா. புருஷன் அடிச்சதே இல்லங்குது. சொல்லாமப் போனா அடிக்கிறது சரிதான்னும் சொல்லுது. நீ தப்பாப் போட்டுட்டியோ? மாத்திரவா?”

“மாத்தாதீங்கண்ணே. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

காளை வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த பாண்டிமீனாவின் இடது கண்ணைச் சுற்றிக் கன்றிப் போயிருந்தது. உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை.

“அவரு கேட்டுக்கிட்டு இருந்தது உங்களுக்குத் தெரியுமாக்கா?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். ருமானா அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

“தெரியும். சத்தம் நின்னதுமே தெரிஞ்சுச்சு. நான் நிப்பாட்டியிருக்கணும். நிப்பாட்டல.”

பாண்டிமீனா கையை நீட்டினாள். “என் போனப் புடுங்கி வச்சுக்கிட்டாரு. உங்க போனக் குடுங்க” என்றாள்.

திருப்பரங்குன்றத்தில் இருக்கும் அக்கா ஜெயக்கொடியிடம் பேசினாள். மதியத்துக்குள் ஜெயக்கொடி ஒரு வேன் பிடித்து வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டாள். அதுவரை வாசல் வெயிலிலேயே நின்றிருந்த ருமானாவின் கையைப் பிடித்து, “உங்க போன்லதான் பேசினாளாம். நல்லா இருப்பீங்க தாயி” என்றாள்.

ருமானா உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பாண்டிமீனா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேனில் ஏறினாள். “வாக்கா, போவோம்.”

சாயங்காலம் ருமானா ஜலாலிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

“அப்ப ரெண்டு பதிலையும் எடுத்துரணும்மா. அந்தப் பொண்ணு கணக்குலயே வராது. உன் வேலையும்...”

“தெரியும்ணே.”

வேலை போனது. தண்டனை கிடைத்துவிட்டது என்று அவளால் ஆறிவிட முடியவில்லை. ஜெயக்கொடியிடம் இருந்து அவ்வப்போது போன் வரும். தங்கை தையல் வேலைக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள் என்பாள். பாண்டிமீனா ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவளிடம் கொடுங்கள் என்று கேட்க ருமானாவுக்கும் வாய் வந்ததில்லை.