அத்தை மேடேறிய நாள்

அத்தை போட்ட நிபந்தனை எளிமையானது. "மேல போனா நினைச்சப்போ கீழ வரணும். கீழ வந்தா நினைச்சப்போ மேல போகணும். அது முடியாதுன்னா அந்த வீட்டை வாடகைக்கு விட்டுடுங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

நியாயமான பேச்சுதான். மாமா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கிடைத்ததையெல்லாம் போட்டு மேட்டின் உச்சியில் ஒரு வீடு கட்டியிருந்தார். அத்தைக்கோ இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. அந்த வீட்டை அவர் கைபேசிப் படத்தில்தான் பார்த்திருந்தார். மேட்டுப் பாதை முழுக்க உதிரி ஜல்லி. சாதாரண கார்கள் பாதியில் மூச்சு வாங்கித் திரும்பிவிடும்.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. சுவருக்கு வண்ணம் அடிக்கிற தொழில். ஏணியும் டப்பாக்களும் ஏற்றிச் செல்ல ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார்.

"கவலையே படாதீங்க அத்தை. நம்ம வண்டி ஃபோர் வீல். லோ ரேஞ்சுல போட்டா சுவத்துலயே ஏறும்."

"சுவத்துல ஏறுறது உங்க தொழில் அத்தான். வண்டியை ஏன் வம்புக்கு இழுக்கறீங்க?" என்றாள் மைத்துனி. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். அவள் வாயிலிருந்து எவரும் தப்ப முடியாது.

நாலு சக்கரமும் சேர்ந்து, நடை வேகத்தில், யானை பலத்தோடு இழுப்பதுதான் லோ ரேஞ்ச். அதை மாப்பிள்ளை இதுவரை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரியும்.

அன்று காலை, ஆஸ்பத்திரி வேலையில் இருந்த மூத்த மகளைத் தவிர எல்லாரும் மேட்டின் அடிவாரத்துக்கு வந்துவிட்டார்கள். முன் இருக்கையில் இரண்டு தலையணை மேல் அத்தை. பின் இருக்கையில் மைத்துனி. சாமான் ஏற்றும் தட்டில் கயிறு போட்டுக் கட்டிய சோபா. அதன் நடுவே ராஜா மாதிரி மாமா.

முதல் முயற்சியில் பின்சக்கரங்கள் சுழன்று ஜல்லியை வாரி இறைத்தன. வண்டி வந்த வழியே வழுக்கி இறங்கி நின்றது. மாப்பிள்ளை வெகு மிடுக்காக லோ ரேஞ்சின் திருகியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை திருப்பினார்.

"என்ன மாப்ள, வண்டிக்குச் சுவரு கிடைக்கலையா?" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. "டிராக்டர்காரன் நம்பர் கையிலயே இருக்கு. கூப்பிடவா?"

"டிராக்டர்ல ஏத்த நான் என்ன சிமெண்டு மூட்டையா?" என்றார் அத்தை. "மாப்பிள்ளை வண்டி ஏறினா நானும் ஏறுவேன். இல்லாட்டி வீட்டுக்குத் திருப்பச் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. தன்னுடைய வாய்ச்சவடாலால் ஒரு வீடே ஆளில்லாமல் போய்விடும் போலிருந்தது. கைபேசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கிரீஸ் அண்ணன் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும்.

"வண்டி நிக்குதா? நியூட்ரல்ல இருக்கா?" என்றார் கிரீஸ் அண்ணன்.

"ரெண்டும் ஆச்சு அண்ணே."

"திருகினதும் அது பக்கத்துல லைட் மினுக்குதா, சுத்தமா எரியலையா?"

"சுத்தமா எரியல."

"அப்போ லோ ரேஞ்சை மாத்துற மோட்டாருக்குக் கரண்டே போகல தம்பி. முட்டிக்குப் பக்கத்துல ஃபியூஸ் பெட்டி இருக்கும். நீல ஃபியூஸ் ஒண்ணு போயிருக்கும், பாரு."

மாப்பிள்ளையின் முகம் வெள்ளையடித்த சுவர் போல ஆனது. அந்த ஃபியூஸ் போகவில்லை. அவரே பிடுங்கியதுதான். போன மாதம் ரேடியோ நின்றுபோனபோது, பெட்டியில் இருந்த ஒரு நீல ஃபியூஸை உருவிப் பார்த்தார். வண்டி ஓடியது, விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. அப்படியானால் இது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு செய்து, அதை ரேடியோவுக்கு உத்தியோகம் மாற்றிவிட்டார்.

கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த மைத்துனி, காலியாக இருந்த குழியைப் பார்த்தாள். ரேடியோ என்று எழுதிய இடத்தில் பளபளத்த நீலத்தைப் பார்த்தாள். அத்தானின் முகத்தையும் பார்த்தாள். ஆறு மாதம் கேலி செய்யப் போதுமான சரக்கு கையில் கிடைத்திருந்தது. அவளோ கைப்பையிலிருந்து புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்தாள். "ஆ காட்டுங்க," என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு, ரேடியோவின் ஃபியூஸைப் பிடுங்கிப் பழைய குழியில் அழுத்தினாள்.

"என்னடி ஆச்சு?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்லப்பா. ஃபியூஸ் பல்லு கொஞ்சம் ஆடிச்சு. அழுத்தி விட்டுட்டேன்."

அது பொய்தான். ஆனால் குளிரில் நடுங்குகிறவன்மேல் போர்வையைப் போடுவது போல அவள் அதைச் சொன்னாள்.

மாப்பிள்ளை திருகினார். இம்முறை லைட் மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைத்து எரியவில்லை.

"உள்ள கியர் பல்லும் பல்லும் முட்டிக்கிட்டு நிக்குது," என்றார் கிரீஸ் அண்ணன். "நியூட்ரல்ல வச்சு ஒரு சாண் தள்ளுங்க. விட்டுக் குடுத்துரும்."

மாமா சோபாவைத் துறந்து இறங்கினார். "அந்தக் காலத்துல நான் உள்ள உக்காந்திருப்பேன், ஜனங்க தள்ளுவாங்க. இப்போ என் முறை!" அவரும் இளைய மகளும் தோள் கொடுத்தார்கள். உள்ளே அத்தை மூச்சை அடக்கிக்கொண்டார். அதனால் எடை குறையும் என்று நம்பினார் போலும். வண்டி ஒரு சாண் உருண்டது. அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். லைட் நிலைத்து எரிந்தது.

"ஏறிடுச்சு!" என்று மாப்பிள்ளை கத்தினார். இன்னும் ஓர் அடிகூட ஏறவில்லை.

மாமா சோபாவுக்குத் திரும்பியதும் ஏறவும் தொடங்கியது. இஞ்சின் பெரிதாக முனக, நாலு சக்கரமும் ஜல்லியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வண்டி பொறுமையாக மேலே நகர்ந்தது.

"அம்மா, ஒரு எறும்பு நம்மை ஓவர்டேக் பண்ணுது!"

"போகட்டும்டி, அதுக்கு என்ன அவசரமோ!" அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஃபியூஸ் ஆடினா நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ள? வண்டியை அருமையாத்தான் வச்சிருக்கீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பாராட்டு முதுகில் எறும்பு போல ஊர்ந்தது. அடுத்த வளைவுக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "ஆடலை மாமா. நான்தான் பிடுங்கி ரேடியோவுக்குப் போட்டேன். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. இவ என்னைக் காப்பாத்தப் பார்த்தா."

"நல்லதுக்கே காலமில்ல," என்றாள் மைத்துனி.

"ரேடியோவுக்கா? அப்படி என்ன பாட்டு?"

"உங்க பொண்ணுக்குத்தான் மாமா. ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை முடிஞ்சு வர்றப்போ, பாட்டு ஓடினாத்தான் வண்டியில கண்ணசருவா."

மாமா சோபாவிலிருந்து முன்னால் சாய்ந்தார். அடியில் ஜல்லி நெறுநெறுத்தது.

"தூங்கினாளா?"

"வீடு வந்தாலும் எழுப்ப மனசு வராது மாமா. சும்மா ரெண்டு தெரு சுத்திட்டு வருவேன்."

"சரி," என்றார் மாமா. "புது ஃபியூஸ் ஒரு டீக்காசு இருக்குமா? ஒரு டீயைத் தியாகம் பண்ணியிருக்கலாமே மாப்ள!"

வண்டிக்குள் வெடித்த சிரிப்பில் ஸ்டியரிங்கே குலுங்கியது.

உச்சியில் வீடு தெரிந்தது. படத்தில் பார்த்ததைவிடப் பெரியது. ஜன்னல் கண்ணாடிகளில் வெயில் மின்னியது. மாமா குதித்து வந்து கதவைத் திறந்து கையை நீட்டினார். "இறங்கு. உன் வீடு."

அத்தை ஆசை தீரப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

"ஏறினதைப் பார்த்தாச்சு. இறங்கறதைப் பாக்க வேண்டாமா? மாப்பிள்ளை, திருப்புங்க."

மாமா அவசரமாகச் சோபாவில் தாவி ஏறினார். லோ ரேஞ்சில் வண்டி பிரேக்கைத் தொடாமலே, குழந்தையை இடுப்பில் வைத்துப் படியிறங்குகிறவள் போல, பதனமாக அடிவாரம் வந்தது.

"இப்போ நம்பிக்கை வந்துச்சா அத்தை?"

"வந்துச்சு, வந்துச்சு," என்றார் அத்தை, தலையணையைச் சரிசெய்துகொண்டு. "ஆனா ஒரு தடவை இறங்கினதை வச்சு எப்படிச் சொல்ல முடியும்? இன்னொரு தடவை போய்ட்டு வரலாம்."

"சோபாவையாவது இறக்கி வச்சிருக்கலாமேடி!" என்று பின்னாலிருந்து அலறினார் மாமா.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!" என்று ஜன்னல் வழியே கத்தினார் அத்தை. வண்டி மறுபடி ஏறத் தொடங்கியது.