எண்பத்தைந்தாம் பக்கம்

1.
இந்தக் கதை திருட்டுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர், சிநேகிதர்கள், கடைசியில் காதல் என்று ஒரு நாவல் வேண்டும் என்றார் பதிப்பாளர். தாராவியில் பிறந்த எனக்கு எந்தச் சின்ன ஊரைத் தெரியும்? என் அறைக்குக் கீழே தோல்பைப் பட்டறையில் தைக்கிற மாரிசெல்வியையும், அந்தப் பைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிற எட்வினையும் அப்படியே தூக்கிக் கோவில்பட்டிப் பக்கம் இறக்கிவிட்டேன். நிஜத்தில் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அவள் கோயில், அவன் சர்ச். அதனாலோ என்னவோ, மனதில் உள்ளதை இருவருமே பேசியதில்லை. இப்போது எட்வினுக்கு மும்பையை அடுத்த டோம்பிவிலியில் பெண் பார்த்திருந்தார்கள்.

2.
மழை விட்டிருந்த ஒரு மாலையில் எட்வின் அவளருகே வந்து

(வேண்டாம். மழையை நம்பிக் காதல் எழுதக்கூடாது.)

எட்வின்தான் தொல்லை. நிஜ எட்வின் எதைக் கேட்டாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். என் எட்வினோ எண்பத்தைந்தாம் பக்கம் முழுக்கக் காதலைச் சொல்லித் தீர்த்தான். நன்றாகவே சொன்னான், எழுதியது நானல்லவா.

3.
அனுமதி கேட்பது முறை என்று அந்த அத்தியாயத்தை எட்வினிடம் கொடுத்தேன். நாலாவதோடு இந்திப் பள்ளிக்கு மாறியவன். தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். மாரிசெல்வியை வாசிக்கச் சொல்லியிருக்கிறான்.

(இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருந்தேன். பொய். அடித்துவிட்டேன்.)

அன்று சாயங்காலம் அவள் தாள்களோடு ஏணியேறி வந்தாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவனுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டாளாம்.

“இது அவன் சொன்னதாக்கா, நீங்களா எழுதுனதா?”

நானாகத்தான் எழுதினேன் என்றேன். அந்தத் தாளை மட்டும் உருவி என்னிடம் நீட்டினாள்.

“அப்ப கிழிச்சிருங்க. சொல்லணும்னா அவன் சொல்லட்டும்.”

கிழித்தேன். நாவலிலேயே நல்ல பக்கம் அது.

4.
இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில் எட்வினின் கல்யாணத்துக்கு மாரிசெல்வி வந்து பந்தியில் பரிமாறுகிறாள். இன்னொன்றில் இருவரும் ரயிலேறி

(எங்கே போவார்கள்? இங்கே பக்கத்து மான்குர்தில் அவள் சித்தி வீடுதான் இருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எட்வினே வந்தான். அவள் வாசிக்கையில் தாளின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். எண்பத்துநாலுக்குப் பிறகு எண்பத்தாறு வந்திருக்கிறது.

“நம்பர் எனக்கு வாசிக்கத் தெரியும்க்கா. அதுல என்ன இருந்துச்சு?”

நீ அவளிடம் பேசுகிறாய் என்றேன். தான் என்ன பேசினான் என்று அவன் கேட்கவில்லை.

“சரி, பேசுதேன்.”

இறங்கிப் போனான். ஞாயிறும் பட்டறை உண்டு. தையல் மெஷின் நின்றது, வெகுநேரம் ஓடவில்லை. ஒட்டுக்கேட்க ஏணிவரை போனேன். வெட்கமாகிவிட்டது, திரும்பிவிட்டேன்.

டோம்பிவிலிக்காரர்களுக்கு வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. எட்வினின் அம்மா என்னோடு பேசுவதில்லை. மாரிசெல்வியின் அப்பா தங்கசாமிக்கு மட்டும் இன்னும் தெரியாது. தினமும் பட்டறை வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். அவரிடம் சொல்லப்போவது மகளா, எட்வினா? எழுதினால் நன்றாகவே எழுதுவேன். அதனால்தான் எழுதாமல் விடுகிறேன். இருவரில் யார் சொல்லவேண்டும் என்று உங்களுக்குப் படுகிறதோ, அவரைச் சொல்லவிடுங்கள்.